வேலை பிடித்திருக்கிறது, வீடு பிடிக்கவில்லை என்று எழுதிய தொண்டருக்கு

கல்லூரி முடித்து, கோவையிலிருந்து கிளம்பி, நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கச் சேவை இல்லத்தில் ஓராண்டுத் தொண்டராகச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு பெண்கள், ஒரு வீடு, ஒரே குளியலறை. காலை ஐந்தரைக்குச் செபம். பகலில் முதியோர் இல்லம், மாலையில் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம். வேலை பிடித்திருக்கிறது, வீடுதான் பிடிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இரவில் தட்டு கழுவும் சத்தம்கூட எரிச்சலூட்டுகிறது. கூட்டு வாழ்க்கைக்குப் பழக என்ன வழி என்று கேட்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: ‘என்னிடம் விசுவாசம் போதவில்லையோ?’ வழி மட்டும் கேட்பவர் அப்படி முடிக்கமாட்டார். எரிச்சல் வந்ததைப் பாவக் கணக்கில் எழுதிக்கொண்டு, வந்ததே தவறோ என்று யோசிக்கிறீர்கள். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தட்டுச் சத்தத்துக்கும் விசுவாசத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் துறவற சபை ஒன்றைச் சேர்ந்தவள். வாழ்நாளில் பாதிக்கு மேல் பொது வீட்டிலேயே கழிந்தது. பல ஆண்டுகள் நவசந்நியாசத்தில், அதாவது துறவறத்துக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில், இருக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தேன்; பிறகு டெல்டாவில் உங்களைப் போன்ற ஓராண்டுத் தொண்டர்கள் தங்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. திருச்சபைச் சட்டம் எங்களுக்கு எவ்வளவு அவகாசம் தருகிறது பாருங்கள். நவசந்நியாசம் குறைந்தது 12 மாதம். அதன் பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, குறைந்தது 3 ஆண்டு. அதற்கும் பிறகுதான் நிரந்தர வார்த்தைப்பாடு. சாகும்வரை சேர்ந்து வாழ்கிறேன் என்று தானாக முன்வந்தவளையே, உன்னால் முடிகிறதா என்று நான்கு ஆண்டு பார்த்துவிட்டுத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்களோ ஐந்தாவது வாரத்தில் உங்கள் மேல் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் பார்த்த வரையில், புதிதாகக் கூடிய எந்தக் குழுவும் முதல் இரண்டு மூன்று வாரம் விருந்தாளிகளைப் போலத்தான் நடந்துகொள்ளும். நீங்கள் முதலில் குளியுங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று குளியலறை வாசலில் உபசாரம் நடக்கும். ஒரு மாதத்தில் அந்த மரியாதை களைத்துப்போகும். மோட்டாரை நிறுத்த மறந்தது யார், குளியலறை வடிகாலில் முடியை விட்டுவிட்டுப் போனது யார் என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். விருந்து முடிந்து குடித்தனம் தொடங்கும் இந்த இடத்தில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள். எல்லா வீட்டிலும் இப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். என் அனுபவம் பெண்கள் தங்கும் வீடுகளோடு நின்றுவிடுகிறது; இளைஞர்கள் தங்கும் வீட்டில் கோபம் தாமதமாக வந்து ஒரேயடியாக வெடிக்கும் என்று சக பயிற்சியாளர்கள் சொல்லக் கேட்டதோடு சரி.

முதலில் எல்லோரும் நெருங்கிய தோழிகள் ஆகிவிட வேண்டும், பிறகு வீடு தானாக ஓடும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் கண்டது நேர்மாறு. வேலை முறை ஒழுங்காக ஓடுகிற வீட்டில் நட்பு மெல்ல வருகிறது. சில சமயம் வராமலும் போகிறது, அப்போதும் வீடு ஓடுகிறது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் மடங்களுக்கு ஒழுங்கு எழுதிய புனித ஆசீர்வாதப்பர் அன்பைப் பற்றி நிறையச் சொன்னவர்தான். ஆனாலும் அடுப்படியை அன்பின் பொறுப்பில் அவர் விட்டுவிடவில்லை. அவர் எழுதிய ஒழுங்கின் 73 அதிகாரங்களில் 35ஆவது முழுக்கச் சமையலறை வார முறையைப் பற்றியது. நோயாளிகளுக்கும் முக்கிய அலுவலில் இருப்பவர்களுக்கும் தவிர விலக்கு கிடையாது. முறை முடிகிறவர் சனிக்கிழமை, எல்லோரும் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்க வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, சேதமில்லாமல் பண்டகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அவற்றை அடுத்த வாரத்துக்காரரிடம் கொடுப்பார், கொடுத்தது என்ன, திரும்பி வந்தது என்ன என்று தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பதினைந்து நூற்றாண்டுக்கு முன்பே மடத்தில் கரண்டி காணாமல் போயிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் முறைப் பட்டியல் ஒட்டியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், இல்லத் தலைவியிடம் சொல்லி இந்த வாரமே எழுதிவிடுங்கள். காய் நறுக்குவது, பாத்திரம், கூட்டுவது, கழிப்பறை, குடிதண்ணீர் பிடிப்பது, சிற்றாலயம் துடைப்பது எல்லாம் அதில் வர வேண்டும். யார், எந்த நாள் என்பதோடு எத்தனை மணிக்குள் என்பதும் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், சண்டையும் அங்கிருந்துதான் கிளம்பும். இரவுப் பாத்திரத்தை இரவே கழுவுவதா, காலையில் கழுவுவதா என்ற ஒரே விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து மாதக்கணக்கில் பேசாமல் இருந்த தொண்டர்களை எனக்குத் தெரியும். இரவு ஒன்பதரைக்கு மேல் பாத்திரம் உருட்டக் கூடாது என்று பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதினால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே முடியும்.

மீதிப் பாதிக்கு டெல்டாவிலேயே ஒரு கதை இருக்கிறது. கத்தோலிக்கத் துறவி சொல்லக் கூடாத கதை என்று நான் நினைக்கவில்லை. பூந்தோட்டம் என்ற ஊருக்குப் பக்கத்தில் திருவீழிமிழலை. பஞ்ச காலத்தில் அப்பரும் ஞானசம்பந்தரும் அங்கே ஆளுக்கொரு மடத்தில் அடியார்களுக்கு அமுது படைத்தார்கள். கோயில் பீடத்தில் இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்தது. அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சோறு, சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று சம்பந்தர் விசாரித்தார். அப்பருக்குக் கிடைக்கும் காசைக் கடைக்காரர்கள் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள், நம் காசுக்கு வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, கேட்கிறார்கள், அதில் பொழுது போய்விடுகிறது என்றார்கள் சமையல்காரர்கள். அப்பர் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். கையால் தொண்டு செய்பவர் என்பதால் அவர் காசில் வட்டம் இல்லை என்பது சைவர்கள் சொல்லும் விளக்கம். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய இடம். சோறு தாமதமாவதை ஞானசம்பந்தரே கவனித்திருக்கிறார். இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்பதா என்று நினைக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. சம்பந்தப்பட்டவர்களிடமே நேராகக் கேட்டார். சமையல்காரர்கள் சோம்பேறிகள் இல்லை என்று அதனால்தான் தெரியவந்தது.

உங்கள் பக்கத்துக் கட்டில்காரரிடம் நீங்கள் இதுவரை எதுவும் பேசவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. உறுத்திய வாரத்துக்குள், அந்த ஆளிடமே, தனியாக, அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். ‘அக்கா, இரவில் தட்டு வைக்கும் சத்தத்தில் விழித்துவிடுகிறேன், அதற்குப் பிறகு தூக்கம் வருவதில்லை’ என்று சொன்னால் போதும்; ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்ற வாக்கியத்தை மட்டும் வாயிலிருந்து வரவிடாதீர்கள். முதியோர் இல்லத்திலிருந்து அவர் எத்தனை மணிக்குத் திரும்புகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்பது ஒருவேளை உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். எடுத்த எடுப்பில் இல்லத் தலைவியிடம் போனால் அது புகார் ஆகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் கிறிஸ்தவ வீடுகளுக்கே உரிய நோய்: பொதுச் செபத்தில் குத்துவது. ‘ஆண்டவரே, பிறருடைய தூக்கத்தை மதிக்கும் மனத்தை எங்களில் சிலருக்குத் தாரும்’ என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு மன்றாடுவார்கள். ஆண்டவருக்குப் புரிகிறதோ இல்லையோ, அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் புரியும். நேரில் பேசினால் தீர்ந்திருக்கும் மனத்தாங்கல், செபத்தில் வந்தால் ஆறவே ஆறாது.

ஒரே பிள்ளை, சொந்த அறையில் வளர்ந்தவள், தனிமை இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டு வாங்குங்கள். மடங்களில் மௌன நேரம் கண்டிப்புக்காக வந்தது என்று வெளியே நினைக்கிறார்கள். நெருக்கியடித்து வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் வெறுக்காமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. எங்கள் இல்லத்தில் இரவுச் செபத்திலிருந்து காலைத் திருப்பலி வரை அவசியமில்லாமல் பேசமாட்டோம். புதிதாக வருகிற பெண்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார்கள். தொண்டர் வீட்டில் அவ்வளவு தேவையில்லை. பாடம் முடிந்து வந்ததும் அரை மணி நேரம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று பேசிவைத்துக்கொள்ளலாம். மொட்டை மாடியோ, சிற்றாலயத்தின் கடைசி வரிசையோ போதும். கடற்கரைதான் தனிமைக்கு ஏற்ற இடம் என்று கோவையில் இருக்கும்போது தோன்றியிருக்கும். மீனவர் ஊரில் கரை என்பது வேலை செய்யும் இடம். வலை சரிசெய்வார்கள், மீன் ஏலம் போகும். ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் என்னம்மா ஆயிற்று என்று நான்கு பேர் வந்து விசாரிப்பார்கள். அன்பாகத்தான் விசாரிப்பார்கள், தனிமை போய்விடும். எங்கே ஒதுங்கினாலும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒதுங்காதீர்கள். பொது வீட்டில் ஒருவர் தொடர்ந்து பந்திக்கு வராவிட்டால் அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், பசியில்லை என்று எத்தனை முறை சொன்னாலும்.

முடி கொட்டுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவருக்கு இந்தக் கரையோர உப்புத் தண்ணீர் ஒரு தண்டனைதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். குடிக்கவும் சமைக்கவும் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீர், அதுவும் வருகிற நேரத்தில் பிடித்துவைத்தால்தான். அந்தக் குடத்திலிருந்து தலைக்கு ஊற்றிக்கொள்வதைவிடப் பெரிய குற்றம் அந்த வீட்டில் வேறு இருக்க முடியாது. கடைசியாக அலசுவதற்கு மட்டும் வாரம் ஒரு செம்பு எடுத்துக்கொள்ளட்டுமா என்று வீட்டில் எல்லோரும் கூடும்போது கேளுங்கள். மறுக்கமாட்டார்கள், மற்றவர்களும் கேட்பார்கள். சாப்பாட்டுக்கும் இதே வழிதான். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், தனிக் குழம்பு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ரசமும் மோரும் அன்றைக்குப் போதும். ஆசீர்வாதப்பர் இதற்கும் ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்: குறைவாகத் தேவைப்படுகிறவர் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும், அதிகமாகத் தேவைப்படுகிறவர் தாழ்மையோடு இருக்கட்டும், முணுமுணுப்பு மட்டும் கூடாது. பணத்தைப் பற்றி ஒரே வரி: கைச்செலவுப் பணத்தில் கைமாற்று கொடுத்தால், எவ்வளவு சிறிய தொகையானாலும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது, கேட்கத் தயங்கி விட்டுவிடுகிற விஷயம். எந்த ஊர் என்று தொடங்கும் விசாரிப்பு இங்கே எந்தத் தெரு என்று நீளும். அது சாதியைக் கேட்கும் கேள்வி. ஞானஸ்நானம் அதைத் துடைத்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன்; இறந்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைத்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் இருந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் இது எந்த அளவுக்கு இருக்கிறது என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது, நீங்களே பார்க்கலாம். பட்டியலில் கழிப்பறை யார் பெயரில் அடிக்கடி விழுகிறது, சமையல் யார் பெயரில் அடிக்கடி விழுகிறது என்று ஒரு மாதம் கவனியுங்கள். கழிப்பறை ஒரே பெண்ணுக்கே விழுந்துகொண்டிருந்தால், பிரசங்கம் செய்ய வேண்டாம், அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் சொல்லுங்கள். மூன்றாவது முறை யாராவது ஏன் என்று கேட்பார்கள், அப்போது பேசுங்கள்.

இனிமேல் வரும் மாதங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை திருவிழா. காவி உடுத்தி நடந்து வருகிறவர்களால் சாலை நிறைந்திருக்கும், உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் யார் யாரோ படுத்திருப்பார்கள். முறைப் பட்டியல் அந்தப் பத்து நாளும் செல்லாது, யாரும் அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். விந்தை என்னவென்றால், ஒட்டாமல் இருந்த குழுக்கள் பெரும்பாலும் அந்தக் களைப்பில்தான் ஒட்டிக்கொள்கின்றன. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மறுபடியும் சிக்கல்: துணி காயாது, மின்சாரம் போகும், ஏழு பேரும் ஒரே கூடத்தில் அடைந்து கிடப்பீர்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இங்குள்ள பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இரண்டு டார்ச்சும் ஒரு சீட்டுக்கட்டும் வீட்டில் இருக்கட்டும். டிசம்பரில் பிள்ளைகளை வைத்துக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி செய்யச் சொல்வார்கள். செய்யுங்கள், ஆனால் எந்த மண்ணில் செய்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். 1968 டிசம்பர் 25 இரவில்தான் இந்த மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மறுநாள், டிசம்பர் 26, சுனாமி நாள். 2004இல் தமிழ்நாட்டிலேயே மிக அதிக உயிரிழப்பு இந்த மாவட்டத்தில், ஆறாயிரத்துக்கும் மேல். நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுடைய பாட்டிமார் அதைக் கடந்து வந்தவர்கள். 26ஆம் தேதி ஒலிபெருக்கி வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுத்துப் பழகிக்கொள்ள வேண்டியவை. பொறுக்கவே கூடாதவை வேறு. உங்கள் சான்றிதழ்களை யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. வீட்டோடு பேசுவதைத் தடுப்பது, நோயில் மருத்துவரிடம் போகவிடாமல் ‘காணிக்கையாக ஒப்புக்கொடு’ என்பது, விடுப்பே தராதது, இவையெல்லாம் எளிய வாழ்வு ஆகாது. யாராவது, எந்த உடை உடுத்தியவராக இருந்தாலும், உங்களிடம் தவறாக நடந்தால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஊதியமில்லாத் தொண்டருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம்; மூன்று மாதத்துக்குள் செய்வது நல்லது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. நீங்கள் பிள்ளைகளோடு வேலை செய்வதால் இன்னொன்று: ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைப் போலீசிடம் தெரிவிப்பது உங்கள் கடமை. இல்லத்தின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காலைச் செபத்தில் தூக்கம்தான் வருகிறது, மனம் ஒட்டவில்லை என்பதை உங்கள் விசுவாசக் குறைவுக்குச் சாட்சியாக எழுதியிருந்தீர்கள். ஐந்து வாரமாகச் சரியாகத் தூங்காத பெண்ணுக்கு ஐந்தரை மணிக்குத் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? எழுந்திருக்கும்போது ஒருவரையொருவர் மெதுவாக உற்சாகப்படுத்துங்கள், தூக்கக்காரர்கள் சாக்குச் சொல்வார்கள் என்று ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கே எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஆன்மிக வறட்சி என்று ஒன்று உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அது உங்களுக்கு வந்திருக்கிறதா என்று ஒரு மாதம் நன்றாகத் தூங்கிய பிறகு உங்கள் ஆன்ம வழிகாட்டியிடம் பேசுங்கள், அதற்கு முன் வேண்டாம். நடுவில் விட்டுவிட்டுப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். நீங்கள் வார்த்தைப்பாடு கொடுத்தவர் இல்லை, போவது பாவமும் இல்லை. பிள்ளைகளின் பாடத்துக்கு மாற்று ஆள் கிடைக்க ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். ஆனால் திருவிழாவுக்கு முன் முடிவெடுக்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லட்டுமா என்ற கேள்விக்கு: சொல்லுங்கள், ஆனால் அழுது முடித்த பிறகு கூப்பிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ரயிலில் அவர் வந்து இறங்கிவிடுவார். செப்டம்பர் நடுவில், கூட்டம் வடிந்ததும், இரண்டு மூன்று நாள் விடுப்பு கேட்டு நீங்களே வீட்டுக்குப் போய் வாருங்கள். திரும்பும்போது துணி காயப்போடக் கொடிக்கயிறு, கவ்விகள், சீக்கிரம் காயும் மெல்லிய துண்டு இரண்டு, ரப்பர் செருப்பு, காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு எல்லாம் எடுத்து வாருங்கள். கொடிக்கயிற்றை மட்டும் கொஞ்சம் நீளமாகவே வாங்குங்கள், ஏழு பேருக்கும் வேண்டியிருக்கும்.